களையின் சாறும் பயிரின் முளையும்

திருவள்ளூர் இரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, சாலையோரங்களிலும் கட்டடம் எழும்பாத மனைகளிலும் மழைக்குப் பின் ஒரு செடி தழைத்து வளர்வதை அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். சிறிய வெள்ளைப் பூக்கள், பிளவுபட்ட இலைகள், கசப்பு நெடி ஆகியன அதன் அடையாளங்கள். அதுவே பார்த்தீனியம். அமெரிக்காவின் வெப்பப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இக்களை, 1955-56-ல் புனே நகரில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது.

களை என்பது பயிருக்குரிய நீரையும் உரத்தையும் வெயிலையும் பங்கு போட்டுக்கொள்வது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் பார்த்தீனியம் அதனோடு நிற்பதில்லை. அதன் இலையிலுள்ள நுண்ணிய மயிர்களில் பார்த்தெனின் என்னும் கசப்புப் பொருள் இருக்கிறது. மழைநீர் இலையைக் கழுவும்போதும், வேர் கசியும்போதும், செடி மக்கும்போதும் இதுவும் இதனை ஒத்த அமிலங்களும் மண்ணிற் கலந்து, அண்டையிலுள்ள விதைகளின் முளைப்பையும் இளவேரின் நீட்சியையும் தடுக்கின்றன. ஒரு தாவரம் தன் இரசாயனத்தால் மற்றொன்றைப் பாதிக்கும் இவ்வியல்பிற்கு 1937-ல் ஹான்ஸ் மோலிஷ் என்னும் ஆஸ்திரிய விஞ்ஞானி 'அல்லெலோபதி' எனப் பெயரிட்டார்.

பூந்தாதும் தீங்கற்றதன்று. தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பூக்களின் சூலகமுடியில் அது படிந்தால் காய்பிடிப்புக் குறைகிறது என்பதைப் பெங்களூரில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சி காட்டிற்று. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் நம் நெசவாளருக்கும் இதில் அக்கறை உண்டு. இச்செடி தோலில் அரிப்பும் புண்ணும், அதன் பூந்தாது மூக்கடைப்பும் இழைப்பும் உண்டாக்க வல்லவை.

இவ்வுண்மையை வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். கையுறை அணிந்து, பூக்காத செடியின் இலைகளை ஒரு பிடி பறித்து நசுக்கி, ஒரு படி நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டுக. மூன்று தட்டுகளில் துண்டுத் துணி விரித்து, ஒவ்வொன்றிலும் 20 பச்சைப் பயறு வைக்க. முதற்றட்டிற்கு வெறும் நீர். இரண்டாவதற்கு வடித்த சாறு. மூன்றாவதற்குப் பத்து மடங்கு நீர் கலந்த சாறு. ஐந்தாம் நாள் முளைகளை எண்ணி, வேர்களை அளந்து ஒப்பிடுக. சாற்றின் வீரியமே விளைவை நிர்ணயிக்கிறது என்பது விளங்கும். மிக மெலிந்த சாறு சில வேளை வளர்ச்சியைத் தூண்டுவதும் உண்டு.

எனினும் தட்டில் கண்டது அப்படியே வயலில் நிகழும் என்று முடிவு செய்தல் கூடாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இப்பொருள்களை நாளடைவில் சிதைத்துவிடும். ஆகவே பச்சைச் செடியை மடக்கி உழுத கையோடு விதைப்பதுதான் ஆபத்து. பூக்குமுன் பிடுங்கிச் சாணமும் மண்ணும் அடுக்கிக் குழியில் மூன்று நான்கு மாதம் நன்கு மக்கவைத்தால் அதுவே எருவாகும். பூத்த செடி குழிக்கு ஆகாது. அதன் விதைகள் எருவோடு வயலுக்குத் திரும்பிவிடும்.

இதே இயல்பு நமக்குத் துணையாவதும் உண்டு. சோளத்தின் வேர் சோர்கோலியோன் என்னும் பொருளைக் கசியவிட்டுச் சிறு களைகளை அடக்குகிறது. பாகிஸ்தானில் சோளத்தட்டை ஊறிய நீரைக் களைக்குத் தெளித்து ஆராய்ந்துள்ளனர். தரிசில் தகரையும் கொழுஞ்சியும் அடர்ந்தால் பார்த்தீனியம் ஒடுங்கும். கொழுஞ்சி பசுந்தாளுரமாகவும் பயன்படும். மெக்ஸிகோவிலிருந்து தருவித்து 1984-ல் பெங்களூரில் விடப்பட்ட வண்டு மழைக்காலத்தில் இதன் இலையைத் தின்கிறது. ஆயினும் அதை மட்டும் நம்பியிருத்தல் இயலாது.

ஒரு செடி 15,000 முதல் 25,000 வரை விதை ஈனும். முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் பூத்துவிடும். ஒருவர் தம் வயலைச் சுத்தம் செய்து, அடுத்த மனை அப்படியே கிடந்தால் உழைப்பு வீணாகும். கடன் பெற்று வாங்கிய விதை முளைக்காது போனால் நஷ்டம் ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. தவணை தவறும்போது சங்கமும் அதனைத் தாங்க நேரும். எனவே மழை பெய்த மூன்றாம் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, விவசாயியும் நெசவாளரும் சேர்ந்து, கையையும் மூக்கையும் மூடிக்கொண்டு, வரப்பு, தெரு, புறம்போக்கு மூன்றிலும் இதனை வேரோடு களைவோமாக. தனியொருவரால் முடியாததைக் கூடிச் செய்வதற்கே கூட்டுறவு ஏற்பட்டது.