பிள்ளைக்குப் பால் காணாதா?

பிள்ளை பிறந்த வீட்டிலே முதல் வாரத்தில் தவறாது கேட்கும் சொல் ஒன்றுண்டு. "பிள்ளைக்குப் பால் காணாது" என்பதே அது. நடுச்சாமத்திலே குழந்தை வீறிட்டழும்போது அம்மம்மா அதனைச் சொல்வார், அயலார் ஆமோதிப்பர், விடிந்ததும் பால்மாப் பேணி வீட்டுக்கு வந்துவிடும்.

அச்சொல் பெரும்பாலும் உண்மையன்று. ஆயினும், நம்பி நடந்தால் அது உண்மையாகிவிடும். எவ்வாறெனிற் கூறுவோம்.

தாய்ப்பால் மணற்கிணற்று நீரைப் போன்றது. இறைக்க இறைக்க ஊறும். குழந்தை உறிஞ்சும்போது தாயின் உடலிலே புரோலக்டின் என்னும் ஓமோன் சுரந்து, மேலும் பாலை உண்டாக்குகின்றது. இச்சுரப்பு இரவிலேதான் மிகுதி. இரவில் புட்டிப்பாலூட்டிக் குழந்தையை உறங்கவைத்தால் அத்தூண்டுதல் குன்றும். சில நாளிற் பால் மெய்யாகவே காணாமற் போகும்.

குழந்தை அடிக்கடி விழிப்பது குறையன்று. முதல் நாளில் அது ஒரு வேளைக்கு அருந்துவது ஒன்றிரண்டு தேக்கரண்டிச் சீம்பாலே. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பாலருந்துதல் இயல்பு. இரவு பகல் வேற்றுமையை அதன் உடல் அறிய இரண்டு மூன்று மாதமாகும்.

முதல் வாரம் முடிகையில் நாளொன்றுக்கு 6 தடவையேனும் சலங்கழித்து, இரண்டு வாரமளவிற் பிறந்த நிறையை மீளப் பெறுமாயின் பால் போதும் என்று அறிக. சலம் குறைந்தாலோ, எழுப்பியும் பாலருந்த எழாவிட்டாலோ, உடல் மஞ்சளித்தாலோ தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். சில தாய்மாருக்கு உண்மையிலேயே பால் குறைவதுண்டு. அதனை நிச்சயிக்க வேண்டியவர் வைத்தியரேயன்றி அயலாரல்லர்.

பாலூட்டும்போது வலித்தால், குழந்தை முலைக்காம்பை மட்டும் கவ்வியிருத்தல் கூடும். வாயை அகலத் திறந்து, காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வச் செய்தல் வேண்டும். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது முதல் வளர்ந்த சேவையின் பயனாக, இதனைக் கற்பிக்க இன்று குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். அவரிடம் கேட்க நாணுதல் வேண்டா.

அங்ஙனமாயின் வீட்டார் செய்யத்தக்கது யாது? பாலூட்டல் ஒன்றைத் தாய்க்கு விட்டு, ஏனையவற்றைத் தாம் ஏற்பதே. துடக்கென்று 31 நாள் தாயை அடுக்களைக்கு விடாதிருந்த நம்மவர் வழக்கம் அவளுக்கு ஓய்வை அளித்தது. சரக்குக்கறியும் சுறா வறையும் ஆக்கிக் கொடுக்க மூத்தோர் இல்லாத வீடுகள் இன்று பல. ஆங்கே கணவன் முன்வருதல் வேண்டும். பாலருந்திய குழந்தையைத் தோளிற் சாய்த்து ஏவறை விடச்செய்தல், துணி மாற்றல், தலையணையின்றி மல்லாக்கக் கிடத்தி உறங்கவைத்தல் யாவும் ஆடவராலும் ஆகும். குழந்தை துயிலும் பகற்பொழுதிலே தாயும் துயிலட்டும். பிள்ளை பார்க்க வருவோர் சற்றுப் பொறுக்கட்டும். இரண்டு வாரங் கடந்தும் தாய் காரணமின்றி அழுது சோர்ந்திருப்பின், அதனையும் நோயெனக் கருதி வைத்தியரை நாடுக.

மாமியார்மார்க்கு ஒரு விண்ணப்பம்: "பால் காணுமோ?" என்று மருமகளைக் கேட்குமுன், "நித்திரை கொண்டனியோ, பிள்ளை?" என்று கேளுங்கள்.