சாமியாரே இல்லாமல் 200 வருஷம் வேதத்தைக் காப்பாற்றிய குடும்பங்கள்! தெரியுமா?

இருநூறு வருஷத்துக்கு மேலாக ஒரு குருவானவரைக் கண்ணால்கூடப் பார்க்காத ஜனங்கள், இன்று தவக்காலத்தின் எத்தனையாவது நாள் என்று பிசகாமல் சொன்னார்கள் என்றால் நம்புவீர்களா?

1865 மார்ச் 17. ஜப்பானின் நாகசாகி. வெளிநாட்டுக்காரர்களுக்காகப் புதிதாகக் கட்டிய ஓவுரா கோயிலுக்கு, பக்கத்து உராகமி கிராமத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் தயங்கித் தயங்கி வருகிறார்கள். பிரெஞ்சுச் சாமியார் பெர்னார் பெட்டிஜான் பீடத்துக்கு முன்னால் முழந்தாளில் இருக்கிறார். ஒரு பெண் அருகே வந்து, எங்கள் மனசும் உங்கள் மனசும் ஒன்றுதான் என்கிற மாதிரி காதோடு சொல்லிவிட்டு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்கிறாள்! சாமியாருக்கு எப்படி இருந்திருக்கும்! பேச்சோடு பேச்சாக வந்ததுதான் அந்த நாள் கணக்கு. துக்க காலத்தின், அதாவது தவக்காலத்தின், 17-வது நாள் இது என்றார்கள். அந்த வருஷம் சாம்பல் புதன் மார்ச் 1. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்!

அந்த நாட்டுக்கு வேதத்தைக் கொண்டுபோனவர் யார் தெரியுமா? நம்ம சவேரியார்தான்! 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மந்திரங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர், 1549 ஆகஸ்ட் 15-ல் ககோஷிமாவில் கரையிறங்கினார். அப்புறம் நடந்தது பயங்கரம். 1614-ல் நாடு முழுக்கத் தடை. 1644-ல் நாட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் குருவானவரையும் கொன்றுவிட்டார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நன்மை இல்லை. இருநூற்றிருபது வருஷம்!

எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். திருநாள், ஒருசந்தி நாள் கணக்கெல்லாம் வைத்துக்கொள்ள ஊருக்கு ஒருவர். ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர். வீடு வீடாகச் செய்தி சொல்ல ஒருவர். இவ்வளவுதான் திருச்சபை! ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்கிற பழைய சட்டம் ஒன்று உண்டல்லவா? அந்த ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டே ஏழெட்டுத் தலைமுறை கரையேறிவிட்டது.

ஆனால் வருஷாவருஷம் ஒரு சோதனை வரும். சேசு அல்லது மாதாவின் உருவம் பதித்த தகட்டைத் தரையில் வைத்து, குடும்பத்தோடு வந்து மிதி என்பார்கள் அதிகாரிகள். மிதிக்காவிட்டால் சித்திரவதை. மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லி அழுதார்கள். குருவானவர் இல்லாத இடத்தில் உத்தம மனஸ்தாபம் போதும் என்று விளக்கும் ஒரு சிறு புத்தகம், தடைக்கு முன்பே 1603-ல் அங்கே வந்திருந்தது. கையெழுத்துப் படிகளாக ரகசியமாகச் சுற்றிக்கொண்டிருந்தது அதுதான். மிதித்தவர்களைக் கோழை என்பவர்கள் இருக்கிறார்கள். மிதித்தவர்கள் வீட்டில்தானே வேதம் பிழைத்தது என்று எனக்குத் தோன்றும்.

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம்! குழந்தையைக் கையில் வைத்திருக்கும் வெள்ளைப் பீங்கான் கன்னோன் சிலை இருக்கும். வெளியாளுக்கு அது பௌத்த தெய்வம், வீட்டாருக்கு மாதா. எல்லாக் குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் சாவு விழுந்தால் பிட்சு வந்து சூத்திரம் ஓதுவார். வீட்டாரோ அந்த ஓதல் பலிக்காமல் போகத் தங்கள் மந்திரத்தை ரகசியமாகச் சொல்வார்கள்!

இப்படி ஒளிந்து வாழ்ந்தவர்களில் இகிட்சுகி தீவு மீனவர்கள் கதைதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். அர்த்தம் தெரியாத லத்தீன் பாட்டுகளை அப்பன் பாடப் பிள்ளை கேட்டு, வாய்வழியாகவே நானூறு வருஷம் கடத்தினார்கள். இசை ஆய்வாளர் மினகாவா தாட்சுவோ அவற்றில் ஒன்றைக் கேட்டு, இதன் மூலம் எங்கே என்று ஐரோப்பிய நூலகங்களில் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். கடைசியில் மாட்ரிட்டில் கிடைத்தது, ஒரு 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பாட்டுப் புத்தகத்தில்! ஐரோப்பா அலமாரியில் போட்டு மறந்த மெட்டை, அலைகடலுக்கு நடுவே மீன்காரர் வீட்டு உள்ளறை உயிரோடு வைத்திருந்திருக்கிறது.

உராகமிக்காரர்கள் வெளியே வந்த பாடும் லேசானதல்ல. சாமியாரைப் பார்த்த சில வருஷத்திலேயே 3,400 பேர் அளவில் ஊரைவிட்டு நாடெங்கும் பிரித்து அனுப்பப்பட்டு, அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். 1873-ல்தான் தடைப் பலகைகள் இறங்கின. திரும்பி வந்தவர்கள் கோயில் கட்ட வாங்கிய நிலம் எது தெரியுமா? உருவத்தை மிதிக்க வைத்த அதே கிராமத் தலைவரின் வீட்டு மனை! அந்தக் கோயில் 1945 ஆகஸ்ட் 9-ல் அணுகுண்டில் தரைமட்டமானது. மறுபடியும் அங்கேயே எழுப்பியிருக்கிறார்கள்.

இத்தனையிலும் பெரிய ஆச்சரியத்தை இன்னும் சொல்லவில்லை. சுதந்திரம் கிடைத்து, சாமியாரும் வாசலுக்கு வந்து கூப்பிட்டபோது, கணிசமான குடும்பங்கள் போகவே இல்லை! உயிரைக் கொடுத்து முன்னோர் காத்த முறை இது, இதை விட்டுவிட்டு உங்கள் முறைக்கு வருவானேன் என்றார்கள். ரோமாபுரியைவிடத் தாத்தா பெரியவர் ஆகிவிட்டார்! இகிட்சுகியில் அந்த வழி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, மந்திரம் முழுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சில குடும்பங்கள் உள்ளறைச் சாமிப் படங்களைத் தீவின் அருங்காட்சியகத்திடம் கொடுத்துவிட்டன.

2018-ல் யுனெஸ்கோ, நாகசாகி வட்டாரத்தின் 12 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இகிட்சுகிக்காரர்கள் ஞானஸ்நானத் தண்ணீர் எடுக்கப் படகில் போன நகாயே பாறைத் தீவும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தத் தண்ணீரை எடுத்து வந்த இகிட்சுகி மட்டும் பட்டியலில் இல்லை!