பளிங்கு: சொல்லும் பொருளும்

வெளிப்படுத்தின விசேஷத்தின் இறுதி அதிகாரங்களைச் சபையில் வாசிக்கும்போது, 'பளிங்கு' என்னும் சொல் கேட்போர் மனத்தில் எழுப்பும் காட்சி யாது? இன்று பெரும்பாலோர்க்கு அது தரையில் பதிக்கப்படும் வெண்சலவைக்கல்லையே நினைவூட்டும். அக்கல்லோ உள்ளிருப்பதைக் காட்டாதது. ஜீவநதியை அதற்கு ஒப்பிட்டுப் பிரசங்கிப்போமாயின் உவமையின் உயிரே போய்விடும். ஆகவே இச்சொல்லின் வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

கிரேக்க மூலத்தில் 4:6, 22:1 ஆகிய இடங்களில் 'கிருஸ்தல்லொஸ்' என்னும் பெயர்ச்சொல் வருகிறது. 21:11இல் அதினின்று பிறந்த வினை, 'பளிங்குபோல் ஒளிர்கிற' என்னும் பொருளில் நிற்கிறது. புதிய ஏற்பாட்டில் அவ்வினை வேறெங்கும் இல்லை. பெயர்ச்சொல்லின் முதற்பொருள் பனிக்கட்டி என்பதே. சங்கீதம் 147:17இல் பனிக்கட்டியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லே எசேக்கியேல் 1:22இல் ஜீவன்களின் தலைகளுக்கு மேலான மண்டலத்தை வருணிக்கவும் வருகிறது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் 'கிருஸ்தல்லொஸ்' என்றே பெயர்த்தது. பளிங்கு என்பது மிகையாக உறைந்த பனியே என்று முற்காலத்தார் கருதினர். கி.பி. 79இல் மறைந்த உரோம அறிஞர் பிளினியும் அவ்வாறே எழுதினார்.

அதே பிளினி, இந்தியப் பளிங்கினும் சிறந்தது வேறில்லை என்கிறார். இது புதுச்சேரியில் வாழ்வோர்க்குப் புதுமையன்று. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் வீலரும், தொடர்ந்து கசாலும் அகழ்ந்தனர். உரோமக் கலங்களோடு கண்ணாடி மணிகளும், பளிங்கு முதலிய கல்மணிகளும், முற்றுப்பெறா மணிகளும் அங்குக் கிடைத்துள்ளன. யோவான் வாழ்ந்த நூற்றாண்டிலேயே இக்கரை உரோம உலகோடு வாணிகம் செய்தது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'பளிங்கு' வடமொழி 'ஸ்படிக'த்தின் பிராகிருத வடிவினின்று வந்தது என்பர் பலர். 'பளபள' என்பதோடு இணைப்போரும் உளர். 'படிகம்' என்பதும் ஸ்படிகத்தின் திரிபே. பிறப்பு எதுவாயினும் பழைய வழக்கில் அதன் பொருள் தெளிவானது. மணிமேகலை பளிக்கறையுள் புகுந்தபோது அவள் உருவம் வெளியே தோன்றியது. குறளோ (706), தன்னை அடுத்ததைக் காட்டும் இயல்புக்குப் பளிங்கை உவமையாக்குகிறது. சலவைக்கல் என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது.

இப்பழம்பொருளே யோவானின் காட்சிக்குப் பொருந்துவது. அக்காலத்தில் நிறமற்ற தெளிந்த கண்ணாடி அரியது. பளிங்கைப் போன்றதே உயர்ந்ததென மதிக்கப்பட்டது. சிங்காசனத்திற்கு முன்பாகக் கலங்கலில்லை, நதியில் மாசில்லை. புதிய எருசலேமின் ஒளியும் அதற்குரியதன்று. தேவமகிமையே அதினின்று ஒளிர்கிறது.

இங்கே திருச்சபைக்கு ஒரு கேள்வி உண்டு. பளிங்கு தன்னைக் காட்டாது, தன்னை அடுத்ததையே காட்டும். நம் சபைகளின் நிர்வாகமும், கணக்கும், போதகரின் வாழ்வும் யாரை அடுத்திருப்பதாகக் காட்டுகின்றன? பளபளப்பான சலவைக்கல்லும் ஒளிரும். ஆனால் தன்னுள் இருப்பதை மறைக்கும். பிரசங்க பீடத்தில் இவ்வேற்றுமையை விளக்குவோர் முதலில் அதைத் தம்மிடத்தில் சோதித்தறிவது நலம்.