உங்களுக்குத் தெரியுமா? ஈப்போ திடலில் பிரியாத அயர்லாந்து

2018 மார்ச்சில் மலேசியாவின் ஈப்போவில் நடந்த சுல்தான் அஸ்லான் ஷா கோப்பை ஹாக்கியில், எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்தியாவை அயர்லாந்து 3-2 என்று சாய்த்தது. ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் இந்தியா 4-1 என்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது வேறு கதை.

அயர்லாந்து அணியின் அந்தப் பச்சைச் சட்டைதான் சுவாரசியம். 1921இல் அயர்லாந்துத் தீவு இரண்டாகப் பிரிந்தது. கால்பந்திலும் இரண்டு அணிகள். ஹாக்கியும் ரக்பியுமோ பிரிய மறுத்துவிட்டன. டப்ளின்காரரும் பெல்ஃபாஸ்ட்காரரும் இன்றும் ஒரே அணி! பிரிவினைக்கு முன்பே, 1908 லண்டன் ஒலிம்பிக் ஹாக்கியில் அயர்லாந்துக்கு வெள்ளி.

ஈப்போவுக்கு ஐரிஷ்காரர்கள் புதியவர்களுமல்லர். 1912இல் தொடங்கிய செயின்ட் மைக்கேல் பள்ளியில் பாடம் நடத்திய லசால் கத்தோலிக்கச் சபையின் பிரதர்களில் ஐரிஷ்காரர்கள் பலர்.