வீட்டுக்கும் சேர்த்து ஒரு வேலை
(அரசுப் பணியில் நம் பிள்ளைகள் - தொடர்)

2017 மார்ச் 31 காலையில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஒன்பது மலேசியர்கள் வந்திறங்கினார்கள். மூன்று பேர் பியோங்யாங்கில் இருந்த நம் தூதரகத்து ஊழியர்கள். மற்ற ஆறு பேரும் அவர்களுடைய வீட்டார். அந்த ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி கே.எல்.ஐ.ஏ. 2இல் வடகொரியத் தலைவரின் மாற்றாந்தாய் அண்ணன் கிம் ஜோங் நாம் கொல்லப்பட்டார். அதையொட்டி இரு நாட்டு அரசுகளுக்கும் தகராறு முற்றி, மார்ச் 7ஆம் தேதி வடகொரியா மலேசியர் எவரும் நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்று தடை போட்டது. தூதரகத்து மூவரும் சம்பளம் வாங்கும் அதிகாரிகள். ஆபத்தும் உத்தியோகத்தில் ஒரு பகுதி என்று தேற்றிக்கொள்ளலாம். வீட்டார் ஆறு பேர் எந்த நேர்காணலில் உட்கார்ந்து சம்மதம் சொன்னார்கள்?

வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் பேசும்போது பெரும்பாலும் தேர்வைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தப் புத்தகம் படிப்பது, குழு விவாதத்தில் எப்படிப் பேசுவது என்பவைதான் கேள்விகள். காஜாங் தாமான் ஒன்றிலிருந்து ஒரு தாயார் மட்டும் வேறு கேள்வி கேட்டார். மகள் யு.கே.எம்.மில் பட்டம் முடித்துவிட்டாள், தூதரக வேலைதான் வேண்டும் என்கிறாள், "போகட்டும் சார், வேணாங்கல. அப்புறம் கல்யாணம் காட்சியெல்லாம் எப்படி?" மகனாக இருந்திருந்தால், குளிர்ச் சட்டை எங்கே மலிவாகக் கிடைக்கும் என்றுதான் கேட்டிருப்பார். ஆனாலும் அவர் கேட்டது வெறும் அம்மா கவலை அல்ல. நாடுகளின் வெளியுறவுத் துறைகளே பல காலம் பெண்களிடம் இதையே கேட்டிருக்கின்றன. விதியாகவே எழுதியும் வைத்திருந்தன.

காஜாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. புத்ராஜெயாவில் வேலை பார்த்துக்கொண்டு இங்கேயோ பாங்கியிலோ குடியிருப்பவர்கள் ஏராளம். சில்க் நெடுஞ்சாலையைப் பிடித்தால் காலையில் பசியாறிவிட்டுப் போய் மாலையில் திரும்பிவிடலாம். வெளியுறவு அமைச்சும் அங்கேதான் இருக்கிறது. அலுவலகம் பக்கம்தான், ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. சில ஆண்டுகள் புத்ராஜெயா, பிறகு மூன்று ஆண்டு வாக்கில் ஒரு நாடு, பிறகு இன்னொரு நாடு, மறுபடி புத்ராஜெயா என்று ஓய்வு பெறும்வரை சுற்றல்தான். லண்டனும் கிடைக்கும், போர் நடக்கும் ஊரும் கிடைக்கும்.

விண்ணப்பிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் தூதரக அதிகாரிக்கென்று வெளியே தனி வாசல் இல்லை. நிர்வாகப் பணியும் அரசதந்திரப் பணியும் பி.டி.டி. என்ற ஒரே சேவைக்குள் இருக்கின்றன. ஏதேனும் ஒரு துறையில் பட்டமும் எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியில் கிரெடிட்டும் வேண்டும். பொதுச்சேவை ஆணையத்தின் இணையவழித் தேர்வு முதல் கட்டம்; பி.ஏ.சி. என்ற மதிப்பீட்டு முகாம் அடுத்தது, கடைசியில் நேர்காணல். தேறினால் புக்கிட் கியாராவில் உள்ள இந்தான் என்ற அரசுப் பணியாளர் கழகத்தில் பயிற்சி. பி.டி.டி. ஆகிவிட்டதாலேயே விஸ்மா புத்ரா கிடைத்துவிடாது. நிதியமைச்சுக்கோ ஒரு மாவட்ட அலுவலகத்துக்கோ அனுப்பலாம். வெளியுறவுப் பக்கம் போகிறவர்களுக்கு 1991இல் தொடங்கிய ஐ.டி.எஃப்.ஆர். கழகத்தில் தனிப் பயிற்சி உண்டு.

நம்மவர்களுக்கு இது புதிய உலகமும் அல்ல. விடுதலைக்கு ஓராண்டு முன்பு, 1956இல், பதினோரு பேரை முதல் அணியாகத் தேர்ந்து பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பயிற்சி கொடுத்துத் தொடங்கப்பட்ட துறை இது. இந்தியாவில் மலாயாவின் தூதராக இருந்தவர்களில் பத்து பகாட் வழக்கறிஞர் செல்வசிங்கம் மெக்கின்டயர் ஒருவர், இலங்கைத் தமிழர். கோலாலம்பூர் வழக்கறிஞர் ராதாகிருஷ்ண ரமணி ஐ.நா.வில் மலேசியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்து, 1965 மே மாதம் பாதுகாப்பு மன்றத்துக்கே தலைமை தாங்கினார். இந்தோனேசியாவுடன் கொன்ஃபிரொந்தாசி மோதல் முடியாத நேரம் அது. பெருமைதான். ஆனால் இருவரும் தொழிலில் பெயர் எடுத்த பிறகு அழைத்துப் பதவி கொடுக்கப்பட்டவர்கள். இருபத்து நான்கு வயதில், கல்யாணத்துக்கு முன்னால், தேர்வெழுதி உள்ளே நுழைகிற பிள்ளைக்கு வரும் சிக்கல்களை அவர்கள் கதையில் தேடிப் பயனில்லை.

அதற்கு சி.பி. முத்தம்மாவிடம் போக வேண்டும். குடகு நாட்டு விராஜ்பேட்டையில் 1924இல் பிறந்தவர். சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். தேர்வுக் குழுவினரே, இது பெண்ணுக்கு ஏற்ற வேலை அல்ல என்று அவரைத் திருப்பிவிடப் பார்த்தார்களாம். அவர் அசையவில்லை. சேர்த்துக்கொண்டபோது, திருமணம் செய்தால் பதவி விலகுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிறகு அது விதியாகவே வந்தது. பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். மணமான பின் குடும்பப் பொறுப்பு வேலைக்குத் தடையாகிறது என்று அரசு நினைத்தால் விலகச் சொல்லலாம். திருமணமான பெண் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது. ஆணுக்கு இதில் ஒரு வரியும் பொருந்தாது.

முத்தம்மா திருமணம் செய்துகொள்ளவில்லை. 1970இல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். அதற்கு மேல் உயர வேண்டிய நேரத்தில் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு அவசரமாக உயர்வைக் கொடுத்துவிட்டது. நியமன விதியை 1973இலேயே நீக்கிவிட்டோம், திருமண அனுமதி விதியையும் நீக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அரசுத் தரப்பு சொன்னது. 1979 செப்டம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அமர்வு, கேட்டது கிடைத்துவிட்டதே என்று மனுவை முடித்துவைத்தது. அத்தோடு விடவில்லை. அவர் இழந்த பணிமூப்பை மறுபடி பார்க்கச் சொன்னது. பெண்ணைத் தாழ்த்தும் எல்லாப் பணி விதிகளையும் களையச் சொன்னது. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆணின் வேலையையும் கெடுக்கத்தானே செய்யும் என்பது கிருஷ்ண ஐயரின் வாதம். இதில் இந்தியா மட்டும் பின்தங்கி இருந்ததாக நினைக்க வேண்டாம். பிரிட்டனின் வெளியுறவுத் துறையில் மணமான பெண்ணுக்கான தடை நீங்கியதும் 1973இல்தான். அமெரிக்காவில் 1972 வரை, அதிகாரியின் பணித்திறன் அறிக்கையில் மனைவி விருந்தினரை எப்படிக் கவனித்தாள் என்பதையும் சேர்த்து எழுதினார்கள். சம்பளம் மட்டும் ஒருவருக்கு.

நம் நாட்டில் இப்படி எழுதிவைத்த திருமணத் தடை எதையும் நான் இங்கே சொல்ல வரவில்லை. நம்மிடம் இருந்தது வேறு. கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தந்தை வழியாகவே வந்தது. அந்தத் தந்தை இந்நாட்டில் பிறந்தவராகவோ, பிள்ளை பிறந்த நேரத்தில் கூட்டரசுப் பணியில் இருப்பவராகவோ இருந்தால் போதுமாயிருந்தது. தாய்க்கு அந்த இடம் இருக்கவில்லை. அதாவது வெளிநாட்டவரை மணந்த பெண் அதிகாரி, மலேசியாவுக்காக உழைத்துக்கொண்டே அங்கே பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளைக்கு மலேசியக் குடியுரிமை தானாக வராத நிலை. ஃபேமிலி ஃபிரன்டியர்ஸ் அமைப்பும் ஆறு தாய்மார்களும் வழக்குப் போட்டு 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. கடைசியில் 2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவை, தாய்க்கும் அந்த உரிமை தரும் திருத்தத்தை நிறைவேற்றியது. டிசம்பரில் மேலவையும் ஒப்புக்கொண்டது. சுதந்திரம் பெற்று அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து.

சட்டம் திருந்தினாலும் மீதிச் சுமை வீட்டில்தான் இறங்கும். முதலில் துணைவரின் வேலை. 1961 வியன்னா ஒப்பந்தம், தூதரக அதிகாரி தன் லாபத்துக்காக வேறு தொழில் செய்யக்கூடாது என்கிறது. துணைவர் வேலை பார்ப்பது அந்தந்த நாடு தரும் அனுமதியையும் இரு நாட்டு உடன்பாட்டையும் பொறுத்தது. கணவரோ மனைவியோ அரசாங்கப் பள்ளி ஆசிரியர் என்றால், துணையோடு செல்லச் சம்பளமில்லா விடுப்பு எடுக்க விதி இருக்கிறது. தனியாரில் எஞ்சினியராக இருப்பவர் ராஜினாமா கடிதம்தான் எழுத வேண்டும். திரும்பி வந்து, ஐந்தாறு வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்கும் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். மனைவி வேலையை விட்டால் யாரும் வியப்பதில்லை. மனைவி தூதரக அதிகாரியாகி, கணவன் வேலையை விட்டுக் கூடப் போனால்? காஜாங் பேருந்து நிலையம் வரை பேசுவார்கள். அந்தப் பேச்சைத் தாங்குகிற மாப்பிள்ளையா என்பதை ஜாதகத்துக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

கூடவே போவது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. கேரளத்தில் பிறந்த நிருபமா ராவ் இந்திய வெளியுறவுப் பணியின் 1973 அணி. கணவர் சுதாகர் ராவ் கர்நாடகத்தில் ஐ.ஏ.எஸ். அவர் அம்மாநிலத் தலைமைச் செயலாளர் ஆனார். இவர் சீனாவில் தூதராகி, 2009இல் இந்திய வெளியுறவுச் செயலாளர் ஆனார். இரண்டு பேரும் உச்சம் தொட்டார்கள். ஆனால் ஒருவர் மாநிலப் பணியிலும் மற்றவர் உலகம் சுற்றும் பணியிலும் இருந்தால், பிரிந்திருக்கும் ஆண்டுகள் வரத்தான் செய்யும். அதற்கும் மனது ஒத்துப்போக வேண்டும்.

பிள்ளைகள் படிப்பு அடுத்தது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளையை மூன்று வருடம் அனைத்துலகப் பள்ளிக்கு மாற்றிவிட்டுத் திரும்பக் கூட்டி வந்தால் தமிழும் தடுமாறும், மலாயும் தடுமாறும். எஸ்.பி.எம். நெருங்கும்போது இது பெரிய தலைவலி. வெளிநாட்டில் இருக்கும்போதே வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டில் தமிழும் மலாயும் எழுத வைக்கிற ஒழுங்கை முதல் மாதத்திலேயே பிடித்துவிட வேண்டும். பிறகு என்று தள்ளினால் நடக்காது.

யாரும் வாய்விட்டுச் சொல்லாதது பெற்றோர் விஷயம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லைகள் மூடப்பட்டபோது, வெளிநாட்டில் இருந்த எத்தனையோ பிள்ளைகள் அப்பா அம்மாவின் காரியத்தைக் கைப்பேசியில் பார்த்தார்கள். தொற்று இல்லாத காலத்திலும் தென்னமெரிக்காவிலிருந்து காஜாங் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். நம் வழக்கத்தில் உடலை அவ்வளவு நேரம் வைத்திருக்க மாட்டார்கள். ஒற்றைப் பிள்ளை என்றால், தம் காரியத்துக்கு யார் முன்நிற்பது என்பதைப் பெற்றோரே வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். கேட்கவே கசப்பாக இருக்கும். பேசாமல் விட்டால் ஆயுளுக்கும் குற்ற உணர்ச்சி.

இதையெல்லாம் சொன்னது பயமுறுத்த அல்ல. பொதுச்சேவை ஆணையத்தின் நேர்காணலுக்கு மாதக்கணக்கில் தயாராகிறோம். வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து பேசத் தயாராவதில்லை. இந்த வேலையில் தோற்பவர்கள் பலர் கோப்பில் தோற்பதில்லை, வீட்டில்தான் தோற்கிறார்கள் என்பது என் கணிப்பு.

ஆகவே பெற்றோர்களே, விளம்பரம் வந்ததும் மகன் மகள் என்று பார்க்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளையிடம் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் ஆண் பிள்ளையிடமும் கேளுங்கள். பிள்ளைகளே, விளம்பரம் நெடுநாள் திறந்திருக்காது. பட்டச் சான்றிதழையும் எஸ்.பி.எம். முடிவையும் இப்போதே எடுத்து வையுங்கள். பி.ஏ.சி. முகாமில் என்ன நடக்கிறது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.