இரண்டு இரவு, ஏழு கோல்... சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட்டில் செத்துப் பிழைத்த லிவர்பூல், டாட்டன்ஹாம்!

2019, மே 8. ஆம்ஸ்டர்டாமின் யோஹான் க்ரைஃப் அரீனா. கூடுதலாகக் கொடுக்கப்பட்ட ஐந்து நிமிடங்களும் கரைந்துவிட்டன. இன்னும் சில விநாடிகள் தாக்குப்பிடித்தால் போதும், அயாக்ஸ் அணி சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில்! டாட்டன்ஹாம் கடைசியாக ஒரு பந்தை நீளமாக முன்னால் அடிக்கிறது. டெலே அலி அதைத் தட்டிவிட, ஓடிவந்த லூகாஸ் மோரா ஒரே உதை. பந்து வலைக்குள். அயாக்ஸ் வீரர்கள் வெட்டிப்போட்ட வாழைமரம்போல் அப்படியே தரையில் சாய்ந்தார்கள்.

இதற்குச் சரியாக ஒருநாள் முன்புதான் லிவர்பூல் நகரில் இன்னோர் அதிசயம் நடந்திருந்தது. ஐரோப்பாவின் மிகப்பெரிய க்ளப் கால்பந்துத் தொடரில் எத்தனையோ நாக் அவுட் போட்டிகள் நடந்திருக்கின்றன. ஆனால், அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் இப்படி இரண்டு அரையிறுதிகள் தலைகீழானதை ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை.

இரண்டு மேட்ச், ஒரே கணக்கு

சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட்டில், ஃபைனல் தவிர ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மேட்ச் உண்டு. சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று. இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டி, யாருக்கு அதிகமோ அவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள்.

கூட்டுத்தொகை சமமானால்? 2021 வரை அங்கேதான் 'அவே கோல்' விதி வந்தது. எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி. 1965-66 சீஸனில் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பைத் தொடரில் இந்த விதி முதலில் வந்தது. வெளியூர் போகும் அணிகள் கோலைக் காப்பதிலேயே குறியாக இருந்ததை மாற்றுவது ஒரு நோக்கம். இன்னொரு நோக்கம், டாஸ் போடும் அவலத்தைத் தவிர்ப்பது.

ஆம், டாஸ்தான்! 1965 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் லிவர்பூலும் ஜெர்மனியின் கொலோன் அணியும் இரண்டு மேட்ச்களிலும் கோலே அடிக்கவில்லை. ராட்டர்டாமில் நடந்த மூன்றாவது மேட்ச்சும் 2-2 என டிரா. கடைசியில் டாஸ் போட்டார்கள். முதல் முறை சுண்டியது சேற்றில் செங்குத்தாகக் குத்திக்கொள்ள, மறுபடியும் சுண்ட வேண்டியதாயிற்று. லிவர்பூல் பிழைத்தது.

சலா இல்லை, ஃபிர்மினோ இல்லை

மீண்டும் 2019-க்கு வருவோம். மே 1 அன்று பார்சிலோனாவில் நடந்த முதல் மேட்ச்சில் லிவர்பூலுக்கு 0-3 எனப் படுதோல்வி. லூயிஸ் சுவாரெஸ் ஒரு கோல், மெஸ்ஸி இரண்டு. மெஸ்ஸி ஃப்ரீ கிக்கில் அடித்த கோல், பார்சிலோனாவுக்காக அவர் அடித்த 600-வது கோல்.

அதோடு தலைவலி தீரவில்லை. முகமது சலா நியூகாசிலுக்கு எதிரான லீக் மேட்ச்சில் தலையில் அடிபட்டு வெளியேறினார். ஃபிர்மினோவும் காயத்தால் ஆட முடியாத நிலை. மே 6 இரவு வின்சென்ட் கொம்பனி வெகுதொலைவிலிருந்து அடித்த கோலால் மான்செஸ்டர் சிட்டி வென்று, பிரீமியர் லீக் பட்டமும் லிவர்பூலின் கையைவிட்டு நழுவத் தொடங்கியது. சீஸன் முழுக்க ஓடிய ஓட்டத்துக்கு ஒரு கோப்பைகூட மிஞ்சாதோ என்ற நிலை.

மறுநாள் ஆன்ஃபீல்டில் சலா கேலரியில் உட்கார்ந்திருந்தார். 'ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே' என்று ஆங்கிலத்தில் எழுதிய கறுப்பு டி-ஷர்ட் அவர் உடம்பில்.

7-வது நிமிடம். சலா, ஃபிர்மினோ இல்லாததால் வாய்ப்பு பெற்ற டிவோக் ஒரிகி முதல் கோலை அடித்தார். ஆனாலும், பார்சிலோனா ஒரே ஒரு கோல் அடித்துவிட்டால் அவே கோல் விதிப்படி லிவர்பூல் ஐந்து கோல் அடித்தாக வேண்டும். கத்திமேல் நடக்கிற கதைதான்.

இடைவேளையில் இடதுபுற டிஃபெண்டர் ராபர்ட்சன் காயத்தால் வெளியேற, ஜார்ஜினியோ வைனால்டம் உள்ளே வந்தார். தொடக்கத்திலேயே களமிறக்கவில்லை என்று பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் மீது அவருக்குக் கோபம். அந்தக் கோபத்தைப் பந்தில் காட்டினார். 54-வது நிமிடம் ஒன்று, 56-வது நிமிடம் இன்னொன்று. கூட்டுத்தொகை 3-3!

79-வது நிமிடம் லிவர்பூலுக்கு கார்னர். பந்து எடுத்துக்கொடுக்கும் சிறுவன் சட்டென்று பந்தைக் கொடுத்துவிட்டான். 20 வயது ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் பந்தை வைத்துவிட்டு நகரப் பார்த்தார். பார்சிலோனா டிஃபெண்டர்களின் கவனம் வேறெங்கோ இருந்தது. சடாரென்று திரும்பி உதைத்தார். ஒரிகி வலைக்குள் தள்ளினார். 4-0. அசந்த நேரத்தில் அடித்த அந்த ஒரு கார்னர், மெஸ்ஸியின் ஃபைனல் கனவைக் கலைத்துவிட்டது.

அயாக்ஸ் பசங்களின் கண்ணீர்

அடுத்த இரவு ஆம்ஸ்டர்டாம். அந்த சீஸனில் நடுநிலை ரசிகர்களின் செல்லப்பிள்ளை அயாக்ஸ்தான். ஜூலையில் தகுதிச்சுற்றிலிருந்து தொடங்கி, தொடர்ந்து மூன்று முறை சாம்பியனான ரியல் மாட்ரிட்டை அதன் மைதானத்திலேயே 4-1 என வீழ்த்தி, ரொனால்டோவின் யுவென்டஸையும் வெளியேற்றி வந்த அணி. கேப்டன் மத்தைஸ் டி லிக்ட்டுக்கு வயது 19.

லண்டனில் நடந்த முதல் மேட்ச்சில் அயாக்ஸ் 1-0 என வென்றிருந்தது. இரண்டாவதில் டி லிக்ட் 5-வது நிமிடமே தலையால் முட்டி கோல். 35-வது நிமிடம் ஹக்கீம் ஸியெச் இன்னொன்று. கூட்டிப்பார்த்தால் 3-0. டாட்டன்ஹாமின் நட்சத்திர ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் காயத்தால் களத்திலேயே இல்லை. அந்த சீஸனில் ஒரு புது வீரரைக்கூட வாங்காத க்ளப் அது.

இடைவேளைக்குப் பிறகு லூகாஸ் மோரா எழுந்தார். 55, 59-வது நிமிடங்களில் இரண்டு கோல். ஸியெச் அடித்த பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முடியவில்லை. கடைசி விநாடியில் மோராவின் மூன்றாவது கோல். கூட்டுத்தொகை 3-3. வெளியூரில் டாட்டன்ஹாம் அடித்தது மூன்று, அயாக்ஸ் அடித்தது ஒன்று. டாட்டன்ஹாம் முதன்முறையாக ஃபைனலுக்குப் போனது. பயிற்சியாளர் பொச்செட்டினோ மைதானத்திலேயே அழுதார்.

காலிறுதியிலும் மான்செஸ்டர் சிட்டியுடன் 4-4 எனச் சமமாகி, இதே விதியால்தான் டாட்டன்ஹாம் பிழைத்து வந்திருந்தது.

அதற்குப் பிறகு...

ஜூன் 1 அன்று மாட்ரிட்டில் நடந்த ஃபைனலில் லிவர்பூல் 2-0 என வென்றது. சலா பெனால்டியில் ஒன்று, ஒரிகி இன்னொன்று. லிவர்பூலுக்கு இது ஆறாவது ஐரோப்பியப் பட்டம்.

அயாக்ஸ், அரையிறுதியில் விழுந்த ஒரே வாரத்தில் நெதர்லாந்து லீக் பட்டத்தை வென்றது. ஆனால், அந்த அணி அதன்பின் ஒன்றாக நிற்கவில்லை. டி லிக்ட் யுவென்டஸுக்குப் போனார். ஃப்ரென்கி டி யாங் ஏற்கெனவே பார்சிலோனாவுக்கு ஒப்பந்தமாகியிருந்தார்.

2021 ஜூனில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அவே கோல் விதியை ரத்து செய்தது. வெளியூர் அணியைத் துணிச்சலாக ஆடவைக்கத்தான் விதி கொண்டுவந்தார்கள். காலப்போக்கில், 'ஒரு கோல் வாங்கிவிட்டால் போச்சு' என்று சொந்த ஊர் அணி பயந்து ஆடும் நிலை வந்துவிட்டது என்பதே காரணம். இப்போது கூட்டுத்தொகை சமமானால் 30 நிமிட எக்ஸ்ட்ரா டைம். அதிலும் முடிவு வராவிட்டால் பெனால்டி ஷூட் அவுட்.

அந்த மாற்றம் மூன்று வருடம் முன்னதாக வந்திருந்தால், மோராவின் கடைசி கோலோடு மேட்ச் முடிந்திருக்காது. தரையில் கிடந்த அயாக்ஸ் பசங்கள் எழுந்து, ஜெர்ஸியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, இன்னும் அரைமணி நேரம் ஆடியிருப்பார்கள்!