நத்தையும் வௌவாலும்: ஒரு வரவு செலவுக் கணக்கு

சங்கப் பேரேடுகளைத் தணிக்கை செய்கையில், வரவுப் பக்கத்தில் எழுத வேண்டிய இனம் தவறாகச் செலவுப் பக்கத்தில் ஏறியிருப்பதை நாம் சில வேளைகளில் காண்கிறோம். நெல் வயலிலும் இத்தகைய தவறு நேர்ந்ததுண்டு. நன்னீரில் வாழும் ஒரு நத்தையையும் குகையில் வாழும் ஒரு வௌவாலையும் ஒப்பிட்டால் இது நன்கு விளங்கும்.

தங்க ஆப்பிள் நத்தை தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. உணவுக்கும் ஏற்றுமதிக்கும் உதவுமென்று கருதி, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனைத் தைவானுக்குக் கொண்டுவந்தனர். பின்னர் பிலிப்பைன்ஸ், தாய்லாந்து முதலிய நாடுகளுக்கும் அது சென்றது. எதிர்பார்த்த விலை கிட்டவில்லை. கைவிடப்பட்ட நத்தைகள் வாய்க்கால் வழியே வயல்களை அடைந்து, இளம் நாற்றுக்களைத் தின்னத் தலைப்பட்டன. வரவென்று எழுதப்பட்டது செலவாயிற்று.

தாய்லாந்தில் வாழும் சுருக்க உதட்டு வௌவாலின் கதை இதற்கு நேர்மாறானது. ராட்சபுரி மாகாணத்துக் காவோ சோங் பிரான் குகையிலிருந்து, அந்தி வேளையில் இவை புகை எழுவதுபோல் இலட்சக்கணக்கில் வெளிப்படும். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் வெண்முதுகுத் தத்துப்பூச்சி இவற்றின் இரைகளுள் ஒன்று. இவ்வொரு வௌவாலினத்தால் அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,900 டன் நெல் சேதமாகாமல் காக்கப்படக்கூடும் என்று 2014இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. குகையில் சேரும் எச்சமோ உரமாக விலைபோகிறது. அருவருத்து ஒதுக்கப்படும் பிராணி கூலியின்றிக் காவல் புரிகிறது!

இவ்விரண்டுக்கும் மற்றொரு முக்கிய வேற்றுமையும் உண்டு. நத்தை, நீர்மட்டத்துக்கு மேலே ஒரே கொத்தில் சில நூறு முட்டைகள்கூட இடும். நீர் வற்றினால் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சேற்றினுள் உயிர் பிழைத்திருக்கும். வௌவாலோ ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். ஆகவே, நத்தை புகுந்த வயலிலிருந்து அதனை அடியோடு நீக்குவது அரிது. வௌவால் அழிந்த குகையில் மீண்டும் அது பெருகுவதும் அரிது.

நத்தை புகுந்த நாடுகளில் உழவர் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துக்களைப் பொறுக்கி அழிக்கின்றனர், வயலில் நீரைக் குறைவாக நிறுத்துகின்றனர், முதிர்ந்த நாற்றை நடுகின்றனர், வாத்துக்களை மேயவிடுகின்றனர். இவையெல்லாம் பின்னால் செலுத்தும் அபராத வட்டியே.

ஆதலால், இலாபம் தருமென்று ஒரு புதிய உயிரை ஊருக்குள் கொண்டுவருமுன், அது தப்பிச் சென்றால் யாது நேருமென்று அங்கத்தினர்கள் ஆராய்வார்களாக. பாழ் மண்டபத்து வௌவால்களைப் புகையிட்டு விரட்டுமுன், அவை இரவில் எதனைத் தின்கின்றன என்பதையும் கேட்டறிவார்களாக. கணக்கைச் சரிபார்த்த பின்னரே தீர்ப்பு எழுதுதல் நன்று.